வெளிக்கதவு உக்கினால்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

கார்த்திகை மழை ஒரு கிழமை விடாமல் அடித்தால் போதும், கதவு பற்றிய கேள்விகள் வரத் தொடங்கிவிடும். ஆட்கள் மாறுவார்கள், கேள்வி மாறாது. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதிப் பதில் தந்திருக்கிறோம். சொற்கள் குழம்பாமல் இருக்க: சுவரோடு நிற்பது நிலை. கதவில் நெட்டுக்கு நிற்பவை குத்துச்சட்டங்கள், குறுக்கே போகிறவை குறுக்குச்சட்டங்கள், இவற்றுக்கு நடுவில் சொருகியிருப்பது பனல்.

எங்கட முன் கதவு கீழால உக்கிப் போச்சு. முழுக்க மாத்தணுமா, திருத்தலாமா?

கண்ணால் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். பெயின்றுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று பெயின்ற் சொல்லாது. ஒரு சின்ன ஸ்குறூட்றைவரை எடுத்து, கீழ் விளிம்பிலிருந்து மேல்நோக்கி 2 அங்குலத்துக்கு ஒரு தடவை கையால் அழுத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை தடம்தான் போடும். கால் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்த இடம் உக்கல். இறங்கின இடங்களைச் சோக்கால் குறித்துக்கொண்டே போங்கள்.

குறி எல்லாம் கீழிருந்து 6 முதல் 8 அங்குலத்துக்குள் அடங்கினால் திருத்தலாம். குத்துச்சட்டத்தில் பூட்டு உயரம் வரை போயிருந்தால், அல்லது மேலும் கீழும் இரண்டு பொருத்துகள் (சட்டத்தோடு சட்டம் சேருகிற இடங்கள்) விட்டுப்போயிருந்தால், திருத்தும் கூலி புதுக்கதவின் விலையை நெருங்கிவிடும். அப்போது மாற்றுவதே மேல். ஒன்று: பழைய முதிரை, தேக்குக் கதவு என்றால் ஒரு படி கூடுதலாகச் சிரமப்பட்டாவது திருத்துங்கள். அந்தத் தரத்தில் பலகை இப்போது மரக்காலையில் லேசில் கிடைக்காது.

ஏன் எப்பவும் கீழ்ப்பக்கம்தான் முதல்ல உக்குது?

மரம் தண்ணீரை முகத்தால் குடிப்பதைவிட நுனியால் பல மடங்கு வேகமாகக் குடிக்கும். நார் வெட்டுப்பட்ட நுனி என்பது ஒரு கட்டு நெல்தாளை வெட்டிய பக்கம் மாதிரி, ஒவ்வொன்றும் ஒரு குழாய். குத்துச்சட்டத்தின் கீழ் நுனி அப்படிப்பட்ட இடம். வாடைக்காற்றோடு வருகிற தூவானம் கதவில் அடித்து வடிந்து அங்கேதான் தங்கும். சிமெந்துப் படியில் விழுந்து தெறிக்கிற தண்ணீரும் அங்கேதான் போகும்.

இதோடு சேர்ந்தது பெயின்ற்காரரின் வேலை. கைபேசிக் கமராவைக் கதவுக்கு அடியில் மேல்நோக்கி வைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். பத்தில் எட்டுக் கதவில் அடி விளிம்பு வெறும் மரமாகவே இருக்கும், ஒரு துளி பெயின்றும் இருக்காது. கதவை மாட்டினபிறகு பெயின்ற் அடித்தால் தூரிகை அங்கே போகாது. கதவுக்கு இரண்டு பக்கம் என்று நினைக்கிறோம், அதற்கு ஆறு பக்கம். கீழே வருகிற பாதிப் பதில்கள் இந்த ஒரு விஷயத்தில்தான் போய் நிற்கும்.

மாரி வந்தா இறுகுது, கச்சான் அடிக்கிற காலத்தில ஆடுது. சீவிப்போடலாமா?

மார்கழியில் சீவாதீர்கள். கதவு குடித்த தண்ணீர்தான் இறுக்குகிறது. அப்போது சீவி எடுத்ததை ஆனியில் ஒட்டவைக்க முடியாது. மரம் நீளப்பாட்டில் அசைவதே இல்லை என்று சொல்லலாம், அகலப்பாட்டில்தான் வீங்கிச் சுருங்கும். 3 அடிக் கதவு ஒன்று மாரிக்கும் கச்சானுக்கும் (வறண்ட தென்மேல் காற்று வீசுகிற காலம்) இடையில், பனல் கதவு என்றால் 2 முதல் 3 மி.மீ. அசையும். பலகைகளைச் சேர்த்து அடித்த கதவு என்றால் 8 மி.மீ. வரைக்கும் போகும். பனல் கதவில் நடுப்பலகை காடிக்குள் (சட்டத்தில் வெட்டிய பள்ளத்துக்குள்) தனியாக அசைவதால் குத்துச்சட்டங்களின் அகலம் மட்டும்தான் கணக்கில் வருகிறது. அதனால்தான் அந்த வித்தியாசம்.

தற்காலத்துக்கு உரசுகிற இடத்தில் மெழுகுதிரி தேயுங்கள். உரசும் இடத்தை இப்போதே பென்சிலால் குறித்து வையுங்கள், பங்குனியில் அந்தக் குறி பயன்படும். மரம் காய்ந்த பிறகும் உரசினால் சீவலாம். சீவிய விளிம்பை அன்றைக்கே பிறைமர் பூசி மூடவேண்டும். சீவிவிட்டு அப்படியே விட்டால் அடுத்த மாரியில் முன்பைவிட மோசமாக இறுகும்.

கதவு ஒரு பக்கம் சாய்ஞ்சு தரையில அரைக்குது. இதுவும் வீக்கமா?

பெரும்பாலும் இல்லை. கதவைப் பாதி திறந்து, பூட்டுப் பக்கத்து நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். மேல் பிணைச்சல் (கதவை நிலையோடு சேர்க்கிற கீல்) அசைந்தால் அதன் திருகாணி விட்டுவிட்டது. பிணைச்சல் அசையாமல் கதவின் மூலையே நெளிந்தால் பொருத்து விட்டுவிட்டது.

ஆணி விட்டதற்குப் பெரிய ஆணி போட்டால் நாலு மாதம் தாங்கும். சரியான வழி: ஆணியைக் கழற்றி, ஓட்டையை 10 மி.மீ. ட்றில்லால் சுத்தமாகத் துளைத்து, அதே தடிப்பில் வைரமான மரமுளை ஒன்றைப் பசை பூசி அடித்து இறக்குங்கள். ஒரு நாள் காயவிட்டு, மேலே நீட்டியிருப்பதைச் சமமாக வெட்டி, 3 மி.மீ. துளை போட்டு ஆணியை ஏற்றுங்கள். நிலைப்பக்கத்தில் ஒரு ஆணியையாவது 2½ அங்குலமாகப் போட்டால் பாரம் மரத்தின் உள்ளுக்குப் போய்விடும். தீக்குச்சி சொருகுவது விருந்தாளி வருகிற அன்றைக்குச் சரி.

பொருத்து விட்டிருந்தால் கதவைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதுப்பசையும் ஆப்பும் அடித்து இறுக்கவேண்டும். மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து இரண்டும் ஒரே அளவா என்று பாருங்கள். அளவு வித்தியாசப்பட்டால் கதவு இன்னும் கோணல்.

கீழ்ச்சட்டமும் இரண்டு காலும் உக்கிட்டு. ஒட்டுப்போடுறது எப்படி?

கதவைக் கழற்றி இரண்டு வாங்கில்மேல் படுக்கப் போடுங்கள். கடைசி உக்கல் குறிக்கு மேலே இன்னும் 2 அங்குலம் தள்ளிக் கோடு போட்டு வெட்டுங்கள். அந்த 2 அங்குலத்தில் கை வைத்தால் மரம் நல்லமாதிரித்தான் தெரியும், ஆனால் பூஞ்சை அதுக்குள்ளே போய்விட்டிருக்கும். இதை மிச்சம் பிடிக்கிறவர்தான் மறுவருஷமும் வந்து நிற்பார். வெட்டின கதவைக் கூரை நிழலில், காற்றுப்படும் இடத்தில் பத்து நாளாவது விடுங்கள்.

புதுத்துண்டு அதே மரமாக, வைரப்பகுதியாக (மரத்தின் நடுவிலுள்ள கடினமான பகுதி), அதே தடிப்பாக இருக்கவேண்டும். முட்டுக்கு முட்டு வைத்து ஒட்டினால் நிற்காது. குத்துச்சட்டத்தில் பாதித் தடிப்பை 3 அங்குல நீளத்துக்கு எடுத்து, புதுத்துண்டிலும் எதிர்ப்பாதியை எடுத்து, ஒன்றின்மேல் ஒன்று உட்காரவையுங்கள். வெளிப்பக்கம் தெரிகிற வெட்டைச் சரிவாகக் கீழ்நோக்கி வெட்டினால் தண்ணீர் உள்ளே நிற்காமல் வடிந்துவிடும். இந்தச் சரிவை ஓடாவியாரிடம் (தச்சரிடம்) கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் பலர் நேராகத்தான் வெட்டுவார்கள்.

பசை: இரண்டு குழாயில் வருகிற அரல்டைட் வகை. வெள்ளைப் பசை வீட்டுக்குள் மேசை கதிரைக்கு. தேக்கு என்றால் ஒட்டுவதற்குச் சற்று முன் தின்னர் துணியால் துடையுங்கள், அதன் எண்ணெய் பசையைப் பிடிக்கவிடாது. கிளாம்ப் போட்டு இறுக்கும்போது பசை முழுதும் பிதுங்கி வெளியே வருகிற அளவுக்கு இறுக்கவேண்டாம். 24 மணித்தியாலம் கழித்து உட்பக்கத்திலிருந்து ஒவ்வொரு காலிலும் இரண்டு துருப்பிடிக்காத திருகாணி. மாட்டுவதற்கு முன் அடி விளிம்புக்குப் பிறைமர் இரண்டு தடவை, எனாமல் இரண்டு தடவை.

ஓட்டையைப் புட்டியால அடைச்சா காணாதா? சிமெந்து வைக்கலாமா?

சிமெந்து வேண்டவே வேண்டாம். அது ஈரத்தை இழுத்து மரத்தோடு வைத்துக்கொண்டிருக்கும், மரம் அசையும்போது விலகி வெடிப்பும் விடும். சுவருக்குப் பூசுகிற புட்டி மழையில் கரையும்.

இரண்டு விரல் அகலத்துக்கு உட்பட்ட குழி, அதுவும் பொருத்து இல்லாத இடம் என்றால் இரண்டு பகுதி கலக்கும் மர நிரப்பி போதும். உக்கலை உளியால் நல்ல மரம் வரை தோண்டி, காயவிட்டு, ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் போடாமல் அடுக்கடுக்காக நிரப்புங்கள். அதைவிடப் பெரியது என்றால் மரத்துண்டுதான் வைக்கவேண்டும்.

நிலையில மண் கோடு மாதிரி ஏறியிருக்கு. தட்டினா வெறுமையாக் கேக்குது.

கறையான். படுவான்கரைப் பக்கத்து (மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே) வயல் மண்ணிலும் வளவுக்குள் பழைய மரவேர் கிடக்கிற இடங்களிலும் அதிகம். மண் கோட்டைத் துடைத்துவிட்டால் போய்விட்டதென்று நினைக்காதீர்கள், புற்று மண்ணுக்குள் இருக்கிறது. கோட்டில் ஒரு அங்குலத்தை மட்டும் உடைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். திரும்பக் கட்டியிருந்தால் ஆட்கள் உள்ளேதான்.

மருந்து மண்ணுக்குப் போகவேண்டும். நிலையின் இரண்டு பக்கமும் சுவரோடு ஒட்டித் தரையில் ஒரு அடிக்கு ஒரு துளை, அரை அங்குல அகலத்தில் போட்டு, கறையான் மருந்தைப் போத்தல் உறையில் உள்ள அளவுக்குக் கலந்து ஊற்றி, பிறகு துளையைச் சிமெந்தால் மூடுங்கள். கிணறு பக்கத்தில் இருந்தால் இதை நீங்களே செய்யவேண்டாம், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

மரத்துக்கு: ஒரு லீற்றர் சுடுதண்ணீரில் 60 கிராம் வெண்காரமும் 40 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, பெயின்ற் இல்லாத காய்ந்த மரத்தில் இரண்டு மூன்று தடவை பூசலாம். பூஞ்சைக்கும் இது நல்லது. மழை பட்டால் கழுவுப்பட்டுப் போகும் என்பதால் காய்ந்ததும் பெயின்றால் மூடியே ஆகவேண்டும். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

பழைய இன்ஜின் ஒயில் பூசினா கறையான் வராதாமே?

கொஞ்ச நாளுக்கு வராது. ஆனால் அதற்குமேல் எந்தப் பெயின்றும் பிடிக்காது, வெயிலில் கசிந்து சட்டையில் ஒட்டும். வேலிக்கட்டைக்குச் சரி, முன் கதவுக்கு வேண்டாம்.

மாவு மாதிரி கொட்டுது, சின்னச் சின்ன ஓட்டை. அதுவும் கறையானா?

இல்லை, வண்டு. மண்ணிலிருந்து ஏறுகிற கறையான் மாவு கொட்டாது, மண்தான் கட்டும். வண்டு மரத்தின் வெள்ளைப் பகுதியை (வைரத்தைச் சுற்றியிருக்கிற வெளிர் மரத்தை) தேடித்தான் போகும். வைரத்தில் நிற்காது. ஆகவே வண்டு அடித்த கதவு என்றால், வெள்ளையைக் கழிக்காமல் பலகை வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த வெள்ளைப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து மாற்றினால் போதும்.

நிலைக்கால் அடியில உக்கிட்டு. நல்ல நேரம் பாத்து வைச்ச நிலை, கழட்ட மனமில்ல.

கழற்றத் தேவையில்லை. பெரும்பாலும் கீழே ஒரு அடி உயரம்தான் போயிருக்கும், ஏனென்றால் காலைச் சிமெந்துக்குள் புதைத்துவிடுகிறார்கள். மேலே நிற்கும் பகுதியைத் தொடாமலே காலை மட்டும் மாற்றலாம்.

முதலில் வாசலுக்கு மேல் லின்டல் (சுவரைத் தாங்குகிற குறுக்கு உத்திரம்) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சுவரின் பாரம் நிலையில் இல்லை. பழைய கல்வீடுகளில் லின்டல் இல்லாமல் நிலையே தாங்குவதுண்டு. அப்படியானால் முட்டுக் கொடுத்த பிறகுதான் வாளைத் தொடவேண்டும். உக்கலுக்கு மேலே 2 அங்குலம் விட்டு, வெளிப்பக்கமாகச் சரிகிற 45 பாகை வெட்டு. புதுக்கால் பாலை அல்லது முதிரை. அதன் நுனிக்குத் தார் இரண்டு தடவை. தரையில் நேரே ஊன்றாமல் அரை அங்குலக் கருங்கல் துண்டின்மேல் உட்காரவைத்து, வெட்டுமுகத்துக்குப் பசையும் இரண்டு துருப்பிடிக்காத போல்ட்டும் போட்டு, சுவருக்கு ஒரு கிளம்பும் அடியுங்கள். மேசன் வந்து சுற்றிச் சிமெந்தால் மூட வெளிக்கிட்டால் மறியுங்கள். திரும்பப் புதைத்தால் கதை திரும்பத் தொடங்கும்.

புதுக்கதவுக்கு எந்த மரம் நல்லது?

மழை நேரே அடிக்கிற கதவுக்குத் தேக்கின் வைரம் முதல். அசைவு குறைவு, உளிக்கும் இணங்கும். முதிரை கனம், பலம், அழகு எல்லாம் உண்டு, ஆனால் வெடிக்கும், துளை போடாமல் ஆணி ஏறாது. பாலை இரும்பு மாதிரி. நிலைக்கு அதைவிட நல்லது இல்லை, கதவுக்குப் பாரம் கூடிப்போகும். வேம்பு, பலா இரண்டும் நன்றாகக் காயவைத்து, விறாந்தை நிழலில் நிற்கும் கதவுக்குப் போட்டால் நின்றுபிடிக்கும். மகோகனியும் அப்படித்தான். றப்பர் மரம், பைனஸ், மலைவேம்பு மூன்றும் வெளிக்கு ஆகாது.

மரத்தின் பெயரைவிட முக்கியம் வைரமா வெள்ளையா என்பது. தேக்கின் வெள்ளையைவிட வேம்பின் வைரம் மேல். மரக்காலையில் பலகையின் நுனியைப் பாருங்கள், நிறம் மாறுகிற இடம் கோடு போட்ட மாதிரித் தெரியும். தெரியாமல் இருக்கச் சாயம் பூசியிருந்தால் அந்தப் பலகையை விட்டுவிடுங்கள்.

எங்கட வளவில பலா ஒண்டு நிக்குது. வெட்டிக் கதவு செய்வமா?

பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றும் சொந்த வளவில் நின்றாலும் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுமதி இல்லாமல் வெட்டமுடியாது. கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். வேறு மரம் என்றாலும், மில்லுக்கு ஏற்றும் முன் போக்குவரத்து அனுமதி தேவையா என்று வனத் திணைக்கள அலுவலகத்தில் கேளுங்கள். வழியில் மறித்த பிறகு கேட்பது வேறு கதை.

வெட்டின உடனே கதவு செய்யமுடியாது. பலகையாக அறுத்து, நிழலில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், இடைக்கிடை ஒரு அங்குலக் கட்டை வைத்து அடுக்குங்கள். நுனிகளுக்குப் பெயின்ற் பூசினால் வெடிப்புக் குறையும். காய்ந்ததா என்று பார்க்க ஒரு சின்னத் துண்டை அடுக்குக்குள்ளேயே வைத்து, கிழமைக்கு ஒரு தடவை கடைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். மழையில்லாத காலத்தில் மூன்று கிழமை ஒரே நிறை காட்டினால் சரி.

அளவு எப்படி எடுக்கிறது? ஓடாவியார் ஒரு அளவு சொல்றார், நான் அளந்தா வேற.

இரண்டு பேரும் சரியாக இருக்கலாம், நிலை கோணலாக இருக்கும். அகலத்தை மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும், உயரத்தை இரண்டு பக்கத்திலும் அளந்து, மூலைக்கு மூலையும் அளவுங்கள். கதவை ஆகப் பெரிய அளவுக்குச் செய்து பிறகு சீவுவதுதான் நடைமுறை. மாட்டின பிறகு பக்கங்களிலும் மேலும் 3 மி.மீ., கீழே 6 முதல் 8 மி.மீ. இடைவெளி. தடிப்பு 1½ அங்குலத்துக்குக் குறையவேண்டாம். பனலைக் காடிக்குள் பசையில்லாமல், பக்கத்துக்கு 2 மி.மீ. இடம் விட்டுச் சொருகவேண்டும். பசை போட்டால் கச்சான் காலத்தில் நடுவால் வெடிக்கும். கச்சானில் பனல் வெடித்தது என்று வருகிற முறைப்பாட்டில் முக்கால்வாசி இதுதான்.

பிணைச்சல் வருஷத்துக்கு ஒருக்கா துருப்பிடிச்சு விழுது.

எழுவான்கரையில் (வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட பக்கம்) கடற்காற்று படுகிற வீட்டில் சாதாரண இரும்பு நிற்காது. 304 தர துருப்பிடிக்காத உருக்கு, அல்லது பித்தளை. 4 அங்குலத்தில் மூன்று: மேலிருந்து 7 அங்குலம், கீழிருந்து 10 அங்குலம், நடுவில் ஒன்று. ஆணியும் அதே உலோகமாக இருக்கவேண்டும். நல்ல பிணைச்சலுக்கு நாகம் பூசிய ஆணி போட்டால் ஆணிதான் முதலில் அரிபடும்.

பித்தளை ஆணி மென்மை, தலை முறிந்துவிடும். முதலில் அதே அளவு இரும்பு ஆணியை ஏற்றி இறக்கிப் புரி வெட்டிவிட்டு, சவர்க்காரம் தடவிப் பித்தளையை ஏற்றுங்கள்.

பெயின்ற் நல்லதா, வார்னிஷ் நல்லதா? எப்ப அடிக்கிறது?

வெயிலும் மழையும் நேரே படுகிற கதவுக்கு எனாமல். வார்னிஷ் அழகு, ஆனால் வெயில் அதை ஊடுருவி மரத்தின் மேல்தோலைக் கெடுப்பதால் தோல் உரிகிற மாதிரி உரியும். வார்னிஷ்தான் வேண்டும் என்றால் வெளிப்புறத்துக்கு என்று எழுதியதை வாங்கி, வருஷத்துக்கு ஒரு தடவை லேசாகத் தேய்த்து ஒரு பூச்சுப் போடத் தயாராக இருங்கள்.

மாசி கடைசியிலிருந்து ஆவணி வரை நல்ல காலம். கடலோரத்தில் முதல் நாள் நல்ல தண்ணீரால் கதவைக் கழுவிக் காயவிடுங்கள். உப்பின்மேல் அடித்த பெயின்ற் கொப்புளிக்கும். பிறகு 80, 120, 180 இலக்க அரத்தாள், மரத்துக்கான பிறைமர், எனாமல் இரண்டு தடவை. காலையில் பனி காய்ந்ததும் தொடங்கி, கச்சான் எழும்ப முன்னே முடித்துவிடுங்கள். காற்று எழும்பினால் பெயின்ற் தூரிகைக் கோட்டோடு காயும், முத்தத்து மணலும் வந்து ஒட்டும். அடி விளிம்பை எப்போது அடிப்பது என்று கேட்கமாட்டீர்கள் என நம்புகிறோம்: கதவு கழற்றியிருக்கும்போது.

வெள்ளத்தில மூண்டு நாள் நிண்ட கதவு. தூக்கி எறியணுமா?

எறியவேண்டாம். 2011 தைமாத வெள்ளம் மாதிரி ஒன்றில் நின்ற கதவு என்றாலும் திட மரம் என்றால் பெரும்பாலும் தப்பும். சேற்றைக் கழுவி, கழற்றி, நிழலில் மட்டமாகப் படுக்கவைத்து, நாளுக்கு ஒரு தடவை புரட்டுங்கள். வெயிலில் சாத்தினால் ஒரு முகம் மட்டும் காய்ந்து கதவு வளைந்துவிடும், அதை நிமிர்த்த முடியாது. ஒரு மாதத்துக்குப் பெயின்ற் கிட்டவும் கொண்டுபோகவேண்டாம். பிளைவூட் கதவு என்றால் தட்டுத்தட்டாகப் பிரிந்திருக்கும், அதற்கு வைத்தியமில்லை. வெளிவாசலுக்குப் பிளைவூட் போடக்கூடாது என்பதும் அதனால்தான்.

சூறாவளி எச்சரிக்கை வந்தா கதவுக்கு என்ன செய்யலாம்?

1978 கார்த்திகை (நவம்பர்) 23 இரவு மட்டக்களப்பை அடித்த சூறாவளியை நினைவில் வைத்திருக்கிற பெரியவர்கள் இன்றும் கதவுக்குப் பின்னால் குறுக்குக்கட்டை போடுவார்கள். அது சரியான வழக்கம். உள்ளே திறக்கிற கதவை வெளிக்காற்று தள்ளும்போது பூட்டு ஒன்றுதான் மறிக்கிறது. மேலும் கீழும் 8 அங்குலத் தாழ்ப்பாள், கீழ்த்தாழ்ப்பாள் தரைக் கொங்கிறீட்டுக்குள் ஒரு அங்குலமாவது இறங்கவேண்டும். இரட்டைக் கதவு நடுவில்தான் விடும், அதற்குக் குறுக்குக்கட்டை கட்டாயம்.

எல்லாம் செய்தும் மறுவருஷம் அதே இடத்தில உக்குது. மறுகா என்ன செய்யிற?

கதவை விட்டுவிட்டு வாசலைப் பாருங்கள். மழை பெய்கிற நேரம் குடையோடு வெளியே நின்று தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பத்து நிமிடம் பார்த்தால் தெரிந்துவிடும். கூரைத் தாழ்வாரம் 2 அடிக்குக் குறைந்தால் தூவானம் நேரே கதவில். பீலி (கூரைத் தண்ணீரை ஏந்துகிற வாய்க்கால்) இல்லாவிட்டால் ஓட்டுத்தண்ணீர் படியில் விழுந்து தெறிக்கும். படி உட்பக்கம் சரிந்திருந்தால் தண்ணீர் கதவடியில் தேங்கும்: மேசனைக் கொண்டு ஒரு அடிக்குக் கால் அங்குலம் வெளிப்பக்கம் சரிவு கொடுத்துப் பூசுங்கள்.

பிறகு கதவின் வெளிப்பக்கம் அடியில் 2½ அங்குலத் தூவானக் கட்டை ஒன்றைப் பூட்டுங்கள். மேல்முகம் சரிவாக இருக்கவேண்டும், அடிமுகத்தில் முன் விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே கால் அங்குலக் காடி ஒன்று. வடிந்து வருகிற தண்ணீர் அந்தக் காடியைத் தாண்ட முடியாமல் துளியாகப் படியிலேயே விழும். கட்டையைப் பூட்ட முன் அதன் பின்முகத்துக்கும் பெயின்ற் அடியுங்கள்.